கொழிஞ்சாம்பாறை சாலையில் ஒரு காது மிஷின் கடை: 13 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில், கோபாலபுரத்தில் உள்ள கேரள-தமிழ்நாட்டு எல்லைக்கு முன்பாக, ஒரு மருந்துக் கடையின் மாடியில் இயங்கும் செவித்துணைக் கருவி நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். ஊரில் எல்லோரும் அதைக் காது மிஷின் கடை என்றே சொல்கிறார்கள்; நானும் அப்படியே சொல்லப் போகிறேன். ஒரு நாளைக்கு ஆறு பேருக்கு மேல் தம்மால் பார்க்க இயலாது என்பதால் தம் பெயரையும் கடையின் பெயரையும் எழுத வேண்டாம் என்று அதை நடத்தும் ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர், கேட்டுக்கொண்டார். இப்பகுதியில் இருப்பவர்களுக்கு நான் சொன்ன அடையாளமே போதும்.

என்னைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். சித்தூர் வட்டத்தில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் 29 ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்தபோதே அஞ்சல் வழியில் உளவியல் முதுகலை படித்தேன். அந்த நாள் முதல் நிகழ்வியல் உளவியலில் எனக்கு ஈடுபாடு உண்டு. பினாமினாலஜி என்று மேலைநாட்டார் சொல்லும் மெய்யியல் நெறியிலிருந்து கிளைத்த துறை அது. ஒருவருடைய அனுபவத்துக்கும் அவர் வாழும் உலகத்துக்கும் என்ன உறவு என்பதே அதன் மையக் கேள்வி. அந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் நூல்களில் படித்திருந்தும், என் சொந்த வீட்டில் அதற்கு என்ன பொருள் என்பதை இந்தக் கடையின் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அறிந்தேன். ஆகவே இம்மதிப்புரையில் விலையும் பேட்டரியும் வரும். அவற்றோடு அந்தக் கேள்வியும் வரும். இரண்டையும் பிரித்து எழுத என்னால் இயலவில்லை.

முதலில் வாங்கிய கருவியைச் சொல்லாமல் இரண்டாவதன் அருமையைச் சொல்ல முடியாது. 2022இல் மகன் என்னைக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு அழைத்துச் சென்றான். ஓசை புகாத சிறிய அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். அரை மணி நேரத்தில் ஆடியோகிராம் என்னும் வரைபடம் கைக்கு வந்தது. அதில் இடமிருந்து வலமாக ஒலியின் சுருதி 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை ஏறிச் செல்கிறது. மேலிருந்து கீழாக ஒலியின் வலிமை டெசிபெலில் குறிக்கப்படுகிறது; குறி கீழே இறங்க இறங்க, கேட்பதற்கு அதிக வலிமை தேவை என்று பொருள். சிவப்பு வட்டங்கள் வலது காது, நீலப் பெருக்கல் குறிகள் இடது காது. என் வட்டங்களும் பெருக்கல் குறிகளும் தாழ்ந்த சுருதியில் ஓரளவு மேலே நின்று, 2,000 ஹெர்ட்ஸுக்குப் பிறகு மலைச்சரிவு போல இறங்கி, 4,000 ஹெர்ட்ஸில் 60 டெசிபெலைத் தொட்டன. வயதோடு வரும் செவிக்குறை பெரும்பாலும் இப்படித்தான் இறங்கும் என்றார்கள். உயிர் ஒலிகளின் வலிமை தாழ்ந்த சுருதிகளில் இருப்பதால் அவை காதில் விழும்; சகரம், தகரம், பகரம் போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுண்மை உயர்ந்த சுருதிகளில் இருப்பதால் அது நழுவிப் போகும். பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. அந்த விளக்கத்தில் பிழையில்லை. அதற்கேற்ப ஒரு கருவியைத் தேர்ந்து, அதே நாளில் காதில் பொருத்தி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தால் தட்டு வைக்கும் ஓசை நெற்றியில் அடித்தது; செய்தித்தாளை மடிக்கும் ஓசை தீப்பற்றியது போலப் படபடத்தது; மனைவியின் குரல் மட்டும் முன்போலவே எங்கோ நின்றது. மூன்று முறை திரும்பச் சென்றேன். மூன்று முறையும் கணினியில் ஒலியைச் சற்றுக் கூட்டினார்கள் அல்லது குறைத்தார்கள். பிறகு 14 மாதங்கள் அந்தக் கருவி பீரோவில் இருந்தது. அந்த நிறுவனத்தார் மீது எனக்குக் கோபமில்லை. அவர்கள் அளக்க வேண்டியதைச் சரியாக அளந்தார்கள். அளந்த பொருளுக்கும் நான் இழந்திருந்த பொருளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் அப்போது தெரியவில்லை.

இந்தத் தூரத்தைப் பற்றி நிகழ்வியல் உளவியலில் மிக முக்கியமான ஒரு வரலாறு உண்டு. புறத்தூண்டலின் அளவுக்கும் மனம் உணரும் அளவுக்கும் கணக்கு எழுத முடியும் என்று 1860இல் ஜெர்மனியில் ஃபெக்னர் என்ற அறிவியலாளர் நிறுவ முற்பட்டார். உளஇயற்பியல் என்று அதற்குப் பெயரிட்டார். காதுப் பரிசோதனை அறையில் பொத்தானை அழுத்தும் முறை அந்த மரபின் வழியில் வந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, அதே உளஇயற்பியலில், பார்வையைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்ற அமெடியோ ஜியோர்ஜி என்ற அமெரிக்கர், தாம் கற்ற முறையால் மனிதர்கள் வாழ்ந்து அறியும் அனுபவத்தைத் தொட முடியவில்லை என்று கண்டு, ட்யூக்கேன் பல்கலைக்கழகத்தில் வேறொரு வழியை வகுத்தார். 1970இல் உளவியலை ஒரு மானிட அறிவியலாக முன்வைத்து நூல் எழுதினார். அதே ஆண்டில் நிகழ்வியல் உளவியலுக்கென ஓர் ஆய்விதழும் தொடங்கப்பட்டது. அவருடைய முறையின் முதல் படி மிக எளிமையானது: நடந்த ஒரு நிகழ்ச்சியை, நடந்தபடியே, அதை வாழ்ந்தவரின் வாயால் சொல்ல வைப்பது. காரணம் கேட்கக் கூடாது, கருத்துக் கேட்கக் கூடாது. சொன்னதை முழுதாகப் படித்து, பொருள் மாறும் இடங்களில் பகுத்து, ஒவ்வொரு பகுதியிலும் அந்த மனிதருக்கு உலகம் எப்படித் தோன்றியது என்பதை வெளிக்கொண்டுவந்து, கடைசியில் அனுபவத்தின் அமைப்பை விவரிப்பது எஞ்சிய படிகள்.

இனி அந்தக் கடை. படி ஏறினால் ஒரு காத்திருப்பு அறை, நான்கு நாற்காலிகள், அதற்குள்ளே ஒரு சோதனை அறை. ஆடியாலஜிஸ்ட் பாலக்காட்டைச் சேர்ந்த மலையாளப் பெண்மணி. எல்லை ஊரில் பழகியதால் தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் பேசுவார். நான் பழைய ஆடியோகிராமை நீட்டினேன். அதை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "மாஷே (ஆசிரியரே), காது கேட்காம போன ஒரு சம்பவம் சொல்லுங்க. ஏன் கேட்கலைன்னு சொல்ல வேண்டாம். என்ன நடந்ததுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

எனக்கு உடல் சிலிர்த்தது. ஜியோர்ஜியின் முதல் படி அது. அவர் ஜியோர்ஜியைப் படித்தவரா என்று பிற்பாடு கேட்டேன். அந்தப் பெயரையே கேட்டதில்லை என்றார். வருகிறவர்கள் எல்லோரும் காதைப் பற்றியே பேசுவதாகவும், காதைப் பற்றித் தமக்கு அவர்களைவிட நன்றாகத் தெரியும் என்பதால் தமக்குத் தெரியாததைக் கேட்கத் தொடங்கியதாகவும் சொன்னார். ஆடியோகிராமைக் கவிழ்த்து வைத்ததும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நிகழ்வியலைத் தொடங்கிவைத்த எட்மண்ட் ஹுஸ்ஸெர்ல், நாம் ஏற்கெனவே அறிந்ததாகக் கொண்டிருப்பவற்றின் மீதான தீர்ப்பை நிறுத்திவைக்க வேண்டும் என்றார். அதனால் அவை பொய்யாகிவிடுவதில்லை. வரைபடம் மேசையில் இருந்தது. பின்னர் அதைத் திருப்பிப் பார்க்கவும் செய்தார். என் பேச்சைக் கேட்கும் நேரத்தில் மட்டும் அது இடையில் நிற்கவில்லை.

நான் சொன்ன நிகழ்ச்சி இது. ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை. திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், குழாய் திறந்திருந்தது. "ஏனுங்க" என்ற அழைப்பு தெளிவாகக் காதில் விழுந்தது. அதற்குப் பின் வந்தது ஒரு நீண்ட இரைச்சல், அதன் முடிவில் கேள்வியைப் போல ஓர் ஏற்றம். நான் "ஆமாம்" என்றேன். சற்று நேரத்தில் மழை இறங்கியது. மனைவி ஈரக்கையோடு என்னைத் தாண்டி முற்றத்துக்கு ஓடி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை வாரி எடுத்தார். என் முன்னால் வந்தபோது நின்று ஒரு கணம் பார்த்துவிட்டு, "பரவாயில்லைங்க" என்று சொல்லி உள்ளே போனார். அதன் பிறகு அவர் சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிடுவதில்லை. அவசியமானதை மட்டும் அருகில் வந்து சொல்வார். பக்கத்து வீட்டுக் கன்று துள்ளியது, முருங்கையில் புழு வந்தது, பேத்தி போனில் சிரித்தது என்று அவசியமில்லாமல் சொல்லப்படும் செய்திகள் எங்கள் வீட்டில் நின்றுபோயின. திண்ணைக்கும் சமையலறைக்கும் இடையே 18 அடிதான். அது வேறு ஊராகிவிட்டது.

சொல்லி முடித்தபோதுதான் கவனித்தேன்: இவ்வளவிலும் காது என்ற சொல் வரவேயில்லை. குழாயும், கொடியும், மனைவியின் முகமும், நீண்டுபோன 18 அடியும்தான் வந்தன. என் குறையைப் பற்றிச் சொல்லச் சொன்னால் நான் என் வீட்டைப் பற்றிச் சொல்லியிருந்தேன்.

நெதர்லாந்தைச் சேர்ந்த உளமருத்துவர் வான் டென் பெர்க், 1914இல் பிறந்து 2012 வரை வாழ்ந்தவர், இதையே ஒரு புட்டியை வைத்து விளக்கினார். குளிர்கால மாலையில் நண்பருக்காக ஒருவர் ஒயின் புட்டியை எடுத்து வைத்துக் காத்திருக்கிறார். நண்பர் தொலைபேசியில் வர இயலாது என்கிறார். அதன் பிறகு அந்தப் புட்டியைப் பார்க்கும்போது அது முன்பிருந்த புட்டியாகத் தெரிவதில்லை. வேதியியலாரைக் கேட்டால் அதே கண்ணாடி, அதே திரவம் என்பார். அந்த மனிதரின் தனிமை எங்கே இருக்கிறது என்று தேடினால், அவருடைய நெஞ்சுக்குள் ஒரு மூலையில் அது ஒளிந்திருக்கவில்லை. மேசைமேல் திறக்கப்படாமல் நிற்கும் புட்டியில், காலியான எதிர் நாற்காலியில், அடங்கிப்போன அறையில் இருக்கிறது. நோயுற்றவரின் உலகமே நோயுற்றிருக்கிறது என்ற கருத்தை அவர் இதன் வழியாக முன்வைத்தார். உள்ளே அனுபவம், வெளியே உலகம் என்று இரண்டு பெட்டிகள் வைத்துவிட்டு, இரண்டையும் எப்படி இணைப்பது என்று தவிக்கத் தேவையில்லை. ஒருவருடைய உலகத்தைச் சரியாக விவரித்தால் அவரையே விவரித்ததாகும்.

இதை உலகம் முழுவதும் மனத்தின் கற்பனை என்று சொல்வதாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. என் நண்பர்கள் சிலரே என்னிடம் அப்படி வாதிட்டிருக்கிறார்கள். அது தவறான புரிதல். மழை பெய்தது உண்மை. துணி நனைந்தது உண்மை. என் உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் அழிந்திருப்பதும் உண்மை. ஆனால் அந்த மழை எனக்கு வானிலை நிகழ்ச்சியாக வரவில்லை, மனைவியின் ஈரக்கையாக வந்தது. உலகம் நம்முடைய அக்கறைகளோடு கோக்கப்பட்டே நமக்குக் கிடைக்கிறது; அக்கறைகளும் உலகத்தில்தான் காலூன்றி நிற்கின்றன. இதற்கு ஹுஸ்ஸெர்ல் வைத்த பெயர் வாழ்வுலகம். 1936இல் வெளிவந்த தம் கடைசிப் பெரும் படைப்பில், கணிதத்தால் நெய்த ஆடையை இயற்கையின்மேல் போர்த்திவிட்டு அந்த ஆடையையே இயற்கை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை அவர் எச்சரித்தார். ஆடியோகிராம் மிக நேர்த்தியாக நெய்யப்பட்ட ஆடை. அந்த ஓசை புகாத அறையும் ஒருவகை உலகம்தான். ஆனால் அதில் யாரும் என்னிடம் எதையும் சொல்லவில்லை.

சொல் பரிசோதனையில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. இந்த எல்லைப் பகுதியில் வாழ்பவர்களுக்கு இது பயன்படும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். அவரிடம் இருந்த சொற்பட்டியல் மலையாளம். வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்வார். நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். 25 சொற்களில் 15 சரியாகச் சொன்னேன். அவர் நிறைவடையாமல், தாமே எழுதி வைத்திருந்த ஒரு தமிழ்ப் பட்டியலை எடுத்தார். அதில் 25க்கு 19. காது ஒன்றேதான், அறை ஒன்றேதான், குரலும் ஒன்றேதான். தமிழில் பாதி ஒலி விழுந்தாலும் மீதியை என் 68 ஆண்டு வாழ்க்கை நிரப்பிக் கொடுக்கிறது. இந்தத் தமிழ்ப் பட்டியல் முறைப்படி தரப்படுத்தப்பட்டதல்ல என்பதை அவரே சொன்னார். ஆயினும் எல்லைக்கு இந்தப் புறம் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு வாழும் ஒருவரை மலையாளச் சொற்களால் மட்டும் அளந்து, இவருடைய காது இவ்வளவுதான் என்று எழுதிவிடுவதைவிட இது எவ்வளவோ நேர்மையானது. நம் ஊர் முதியவர்கள் எந்த ஆடியாலஜிஸ்டிடம் சென்றாலும் தமிழில் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மலையாளப் பட்டியலில் "வெள்ளம்" என்ற சொல் வந்தது. நான் சரியாகத் திருப்பிச் சொன்னேன், மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் நான் கேட்டது குடிநீரையா, ஆற்றுப் பெருக்கையா? பக்கத்து வீட்டுச் சேச்சி வாசலில் நின்று "வெள்ளம்" என்றால் நான் சொம்பை எடுப்பேன். பொள்ளாச்சியிலிருந்து மைத்துனர் போனில் "வெள்ளம்" என்றால் ஆழியாற்றை நினைத்துப் பதறுவேன். "பனி" என்பதும் அப்படியே: கீழே மருந்துக் கடையில் ஒருவர் சொன்னால் காய்ச்சல், மார்கழிக் காலையில் மனைவி சொன்னால் புல்மேல் நிற்கும் நீர்த்துளி. காற்றில் வரும் அலை ஒன்றுதான். அலையைக் கேட்டுவிட்டுப் பிறகு பொருளை அகராதியில் தேடி ஒட்டுவதில்லை. சொல்பவரின் முகமும் நிற்கும் வாசலும் சேர்ந்தே காதில் விழுகின்றன. நாம் முதலில் வெற்று ஓசையைக் கேட்பதில்லை, கிரீச்சிடும் வண்டியையும் மோட்டார் சைக்கிளையுமே கேட்கிறோம் என்று ஜெர்மன் மெய்யியலாளர் ஹைடெக்கர் 1927இல் எழுதியதன் உண்மையை எல்லையில் வாழும் நாம் ஒவ்வொரு நாளும் இரண்டு மொழிகளில் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

கருவிப் பொருத்தல் மூன்று வாரச் சோதனையாக நடந்தது. 5,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு கருவியைக் கையில் கொடுத்துவிடுகிறார். காதின் அச்செடுத்து மோல்டு செய்ய எட்டு நாள் ஆனது. நான் சொன்ன நிகழ்ச்சியை வைத்தே அவர் முதல் அமைப்பைச் செய்தார்: மெல்லிய ஒலிகளை நன்றாக உயர்த்தி, உரத்த ஒலிகளை ஒரு வரம்புக்குள் அடக்கினார். செவிக்குறை உள்ளவருக்கு மெல்லியது கேட்காது, உரத்ததோ திடீரென்று வலிக்கும். கேட்கும் எல்லைக்கும் பொறுக்கும் எல்லைக்கும் இடைவெளி குறுகிவிடுகிறது. முதல் கருவியில் தட்டோசை நெற்றியில் அடித்ததன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கூடவே மனைவிக்கு ஒரு செய்தி சொல்லியனுப்பினார்: முதலில் கூப்பிட வேண்டும், நான் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு பேச வேண்டும். என் நாற்காலியைத் திண்ணையின் தெற்கு மூலையிலிருந்து நடைவாசலுக்கு நகர்த்தச் சொன்னார். இதை வேறு எந்தக் காது நிபுணரும் எனக்குச் சொன்னதில்லை. காதுக்கு மருத்துவம் செய்ய வந்தவனின் நாற்காலியை நகர்த்தச் சொல்வது, என் பார்வையில், நிகழ்வியல் உளவியலின் ஆழமான புரிதல்.

ஒரு வாரம் கழித்து என் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது என்றேன். மோல்டில் இருந்த காற்றுத்துளையை அங்கேயே சிறிது பெரிதாக்கினார். குரல் திரும்பி வந்தது. அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் வாழ்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழியில் கிழக்கிலிருந்தும் மலைகளின் இடைவெளி வழியாக வந்து மோதும் காற்று, கருவியின் மைக்கின் மேல் சுழன்று, லாரி ஓடுவதுபோல் இரைந்தது. காற்றுக்கென்று ஒரு தனி அமைப்பை ஏற்றிக் கொடுத்தார். அதைப் போட்டால் இரைச்சல் அடங்கியது. ஆனால் வரப்பில் நிற்கும் பனைமரங்களின் ஓலைச் சலசலப்பும் அதோடு மங்கிப்போனது. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சலசலப்பை இந்தக் கருவியால்தான் மீண்டும் கேட்டிருந்தேன். இந்த ஊர்க்காற்று எனக்கு ஓலையில்தான் கேட்டுப் பழக்கம். இரைச்சல் இருக்கட்டும் என்று அந்த அமைப்பை நீக்கச் சொன்னேன். வாதிடாமல் நீக்கிவிட்டார். இயந்திரத்தின் கணக்கில் எது இரைச்சல், எது ஒலி என்று முடிவு செய்வது எளிது. ஒருவருடைய உலகில் எது இரைச்சல் என்பதை அவரைக் கேட்காமல் முடிவு செய்ய முடியாது.

இரண்டாம் மாதத்தில் நடந்ததை இம்மதிப்புரையின் சாட்சியாக வைக்கிறேன். பார்வையற்றவரின் கைத்தடி பழகிய பிறகு அவர் உணரும் பொருளாக இருப்பதில்லை, அதன் நுனியே உணரும் இடமாகிவிடுகிறது என்று பிரெஞ்சு மெய்யியலாளர் மெர்லோ-போந்தி 1945இல் எழுதினார். தடி உலகத்தின் பக்கத்திலிருந்து உடலின் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. அதுவரை நான் ஒவ்வொரு ஒலியையும் கருவியின் ஒலியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்: பிளாஸ்டிக் பூசிய காகம், தகரத்தில் விழும் பேச்சு. ஒரு நாள் காலை மனைவி சமையலறையிலிருந்து, "ஏனுங்க" என்று கூப்பிட்டு, நான் திரும்பும்வரை நின்று, "கன்னுக்குட்டி மறுபடியும் வேலி தாண்டிருச்சுங்க" என்றார். நான் எழுந்து வேலிப்பக்கம் போய்க் கன்றைப் பிடித்துக் கட்டிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் காதில் கருவி இருப்பது நினைவுக்கு வந்தது. கேட்டது கருவியின் ஒலியாக வரவில்லை. கன்று வந்தது, வேலி வந்தது.

இசையில் இன்னும் அந்த நிலை கிட்டவில்லை. ஒரு மெட்டைக் கேட்கும்போது இப்போது ஒலிக்கும் சுரத்தை மட்டும் நாம் கேட்பதில்லை. கடந்த சுரம் மறையாமல் பின்னால் நிற்கிறது, வரப்போகும் சுரம் முன்னால் எதிர்பார்க்கப்படுகிறது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நிகழ்காலம் என்று ஹுஸ்ஸெர்ல் காட்டினார். கோயிலில் நாதஸ்வரம் உச்சத்துக்கு ஏறும்போது கருவி அதைத் தன்னிலிருந்தே எழும் சீழ்க்கை என்று எடுத்துக்கொண்டு அடக்கப் பார்க்கிறது. எதிர்பார்த்த இடத்தில் சுரம் வந்து சேர்வதில்லை. எனக்கு மெட்டு மட்டும் அங்கே அறுந்துபோவதில்லை, அந்த நேரமே அறுந்துபோகிறது. இசைக்கென்று ஓர் அமைப்பு வைத்துப் பார்த்தார், பாதி சரியாகியிருக்கிறது. கச்சேரி கேட்பவர்கள் இதை அறிந்தே வாங்க வேண்டும்.

குறைகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சோதனை அறை போதுமான அளவுக்கு ஓசை தடுக்கப்பட்டதல்ல. சாலையில் பேருந்து ஹாரன் அடித்தால் பரிசோதனையை நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்குகிறார். செவிக்குழாய்க்குள் மெல்லிய குழலை விட்டு, கருவி உண்மையில் எவ்வளவு ஒலியைத் தருகிறது என்று அளக்கும் வசதி அங்கே இல்லை. அதற்குப் பாலக்காட்டுக்கோ கோவைக்கோ செல்ல வேண்டும், செல்லுங்கள் என்று அவரே சொல்கிறார். அனுபவத்தைக் கேட்பவர்கள் அளவீட்டை இகழ வேண்டியதில்லை. இரண்டும் இருந்திருந்தால் என் மூன்று வாரம் ஒன்றரை வாரமாகியிருக்கும். மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே. முதியவர்களுக்காக நடத்தும் இடத்தில் இது பெரிய குறை. கருவி பழுதானால் நிறுவனத்துக்கு அனுப்பித் திரும்பப் பெற இரண்டு வாரமாகிறது, அதுவரை மாற்றுக் கருவி கிடைப்பதில்லை.

எல்லாவற்றிலும் எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. அவ்வளவு அருமையாகக் கேட்கும் அவர், கேட்டதை எழுதி வைப்பதில்லை. வரைபடம் கோப்பில் இருக்கிறது. நாங்கள் சொன்ன நிகழ்ச்சிகள் அவருடைய நினைவில் மட்டும் இருக்கின்றன. சொன்ன சொற்களை அப்படியே பதிவு செய்து, திரும்பத் திரும்பப் படிப்பதில்தான் ஜியோர்ஜி வகுத்த முறையின் வலிமை இருக்கிறது. நான்கு மாதம் கழித்துச் சென்றபோது என் திண்ணையை அவர் வேறொருவரின் கடைத்திண்ணையோடு குழப்பிக்கொண்டார். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என் நிகழ்ச்சியை நானே எழுதினேன்.

விலை: காதுக்குப் பின்னால் மாட்டும் வகையில் இரண்டு கருவிகள், மோல்டோடு சேர்த்து 58,000 ரூபாய். பெருநிறுவனத்தில் நான் கொடுத்ததைவிடச் சற்றுக் குறைவு. வேறுபாடு கருவியில் பெரிதாக இல்லை, உட்கார்ந்து பேசும் நேரத்தில் இருக்கிறது. ஆரஞ்சு ஒட்டுள்ள 13ஆம் எண் பேட்டரி எனக்குப் பத்து நாள் வருகிறது. ஒட்டைப் பிரித்தவுடன் மாட்டாமல், காற்று உள்ளே செல்ல ஒரு நிமிடம் விட்டுப் பின் மாட்டினால் நல்லது. வேர்வைக்காக இரவில் சிலிக்கா உருண்டைகள் இட்ட டப்பாவில் வைக்கச் சொல்கிறார். நம் வெயிலுக்கு அது கட்டாயம். முன்பதிவு போனில் மட்டுமே; காலை பத்து மணிக்கு அழைத்தால் எடுப்பார். காது கேளாதவர்கள் போனில் எப்படி முன்பதிவு செய்வது என்று கேட்டேன். கீழே மருந்துக் கடையில் எழுதிக் கொடுத்தாலும் போதும் என்று இப்போது ஏற்பாடு செய்திருக்கிறார்.

அடுத்த முறை மனைவியை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். அதே கேள்வியை அவரிடம் கேட்க வேண்டுமாம். என் காது கேட்காமல் போன ஒரு நாளை, நடந்தபடி, அவர் சொல்ல வேண்டுமாம். அந்த நேரத்தில் நான் கீழே மருந்துக் கடையில் காத்திருக்க வேண்டும். வரும் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார். என்ன சொல்லப் போகிறாய் என்று நேற்று மனைவியிடம் கேட்டேன். "அந்தம்மா கிட்டச் சொல்றேனுங்க" என்றார். சமையலறையிலிருந்துதான் சொன்னார், குழாய் திறந்திருந்தது.